மூச்சு மகானின் இரண்டு கூஜாக்கள்

காலை ஏழு மணிக்கே வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. பேருந்துக்கு நிற்கிறார்களா, மகானுக்கு நிற்கிறார்களா என்று தெரியாமல் இரண்டு ஓட்டுநர்கள் குழம்பினார்கள். மூன்றாவது ஓட்டுநர் குழம்பவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். அவருக்கும் இருமல்.

மூடிக்கிடந்த ஒரு மரச்சாமான் கடையில்தான் முகாம். வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்குப் பலகை: "மூச்சு மகான் வந்துவிட்டார்! ஒரே அமர்வில் நுரையீரல் சுத்தம்! மருந்து வேண்டாம், ஊசி வேண்டாம், எக்ஸ்ரே வேண்டாம்!" மூளையும் வேண்டாம் என்பதை எழுத மட்டும் பலகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

வந்தவர்களைக் குறை சொல்லாதீர்கள். மெத்தைக்குப் பஞ்சு அடைப்பவர், ரொட்டிச் சூளைக்காரர், நாள் முழுக்கப் புகையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், கல் பட்டறை ஆட்கள் என்று எல்லாரும் உழைக்கிறவர்கள்தான். அந்தக் கூடத்தில் நூறு பொய்கள் உலவின. இருமல் மட்டும் நிஜம்.

உள்ளே மேடையில் மகான். நரைத்த தாடி, நரைக்காத தலை. முன்னால் ஒரு மேசை. மேசைமேல் இரண்டு கண்ணாடிக் கூஜாக்கள். இரண்டிலும் தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தது.

"ஒரே மலை, ஒரே ஊற்று, ஒரே தண்ணி," என்று மகான் ஒவ்வொரு முறையும் சொல்வார். இடது கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றுவார். அதில் ஒரு ஸ்ட்ராவைப் போட்டு நோயாளியிடம் கொடுப்பார். "ஊதுப்பா. உறிஞ்சிடாதே. ஒரு சொட்டு உள்ள போனாலும் நான் பொறுப்பில்ல."

நோயாளி ஊதுவார். குடுகுடுவென்று குமிழி கிளம்பும். அரை நிமிடத்தில் தெளிந்த தண்ணீர் பால்போல வெளுத்துக் கலங்கிவிடும்.

"பாத்தியா? உன் நுரையீரல் அழுக்கு!"

கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளக்கும். வாயைப் பிளந்ததும் இருமும்.

அடுத்தது சிகிச்சை. முதுகில் மூன்று தட்டு, காதருகே நீளமாக ஒரு 'ஹூம்'. அப்புறம் வலது கூஜாவிலிருந்து இன்னொரு தம்ளர். நோயாளி மறுபடி ஊதுவார். கன்னம் வலிக்க ஊதுவார். தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கும். மகான் தம்ளரைத் தூக்கிக் காட்டுவார். கைத்தட்டல் கூரையைப் பிய்க்கும். போகிற வழியில் கழுத்தில் மாட்ட ஒரு செப்பு வில்லை வாங்கிக்கொள்ளலாம். அதன் பெயர் மூச்சுக் கவசம். தூசி மார்பைத் தாண்டி உள்ளே போகாதாம். தூசி மூக்கு வழியாகப் போகிறது, மார்பு வழியாக இல்லை என்ற சின்ன விஷயத்தை யாரும் வில்லையிடம் சொல்லவில்லை.

இந்தக் கவசத்தை முதல் நாளே வாங்கி மாட்டியவர்களில் ஒருவருக்குப் பெயர் தூள். அம்மா வைத்த பெயர் வேறு. கல் பட்டறையில் கட்டிங் மெஷின் ஓட்டுபவர். சமையல் மேடைக்கான கல் பலகைகளை அளவு பார்த்து அறுப்பார். வேலை முடிந்து வரும்போது புருவம், மீசை, காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். அதனால் தூள். வேலையிலும் ஆள் தூள்தான் என்று அவரே சேர்த்துக்கொள்வார்.

அவர் வீடு மூன்றாவது மாடி. சில மாதங்களாக இரண்டாவது மாடித் திருப்பத்தில் தூள் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்வார். தினமும் சரி செய்வார். வாரில்லாத செருப்பு போட்ட நாளிலும் குனிந்து எதையோ சரி செய்தார். அன்றுதான் அவர் மனைவிக்கு விஷயம் புரிந்தது. மூச்சு வாங்குகிறது, ஆனால் ஆண்பிள்ளை அதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

மனைவி சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர். தெருவே அவரை வெள்ளையக்கா என்று கூப்பிடும். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் எட்டாம் வகுப்பை உண்மையாகவே படித்தவர். அந்த ரகம் ஊரில் குறைவு.

தூளை இழுத்துக்கொண்டு போய் மார்பு நோய் டாக்டரிடம் தேதி வாங்கி வைத்திருந்தார் வெள்ளையக்கா. அந்தத் தேதிக்கு முந்தின நாள்தான் மகான் வந்து இறங்கினார். கல் பட்டறை முதலாளியே வேலையாட்களை வண்டியில் ஏற்றி முகாமுக்கு அனுப்பினார். முதலாளிக்கு இப்படியொரு கருணை வந்ததற்குக் காரணம் உண்டு. "மெஷினுக்குத் தண்ணிக் குழாய் போடுங்க, தண்ணி விட்டு அறுத்தா தூசி பறக்காது, நல்ல முகமூடி குடுங்க" என்று ஆட்கள் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குழாயைவிட மகான் சுலபம்.

முகாமிலிருந்து தூள் திரும்பியபோது நடையே மாறியிருந்தது.

"எல்லாம் போயிடுச்சு," என்றார். "பால் மாதிரி வந்துச்சு. அப்புறம் ஒரு தட்டு தட்டினாரு, ஊதினேன், கண்ணாடி மாதிரி இருக்கு. நீ பாத்திருக்கணும்."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும்ல?"

"கழுவின துணிய எதுக்கு மறுபடி வெளுக்கப் போடறே?"

டாக்டர் தேதி போயிற்று. பட்டறையில் கொடுத்திருந்த துணி முகமூடியும் குப்பைக்குப் போயிற்று. அது அப்படி ஒன்றும் பிரமாதமான முகமூடி இல்லை. ஆனாலும் வில்லையைவிட மேல். கொடுமை என்னவென்றால், ஒரு நாளைக்கு ஏழு பீடி பிடித்தவர் பதினைந்துக்குத் தாவினார்.

"ஏங்க, இப்படி ஊதினா என்னங்க ஆகறது?"

"மாசாமாசம் போய்க் கழுவிக்கிட்டு வந்துடறேன். அதுக்குத்தானே அவரு இருக்காரு?"

இரண்டாவது அமர்வுக்கு வெள்ளையக்காவும் கூடப் போனார். எல்லாரும் மகான் முகத்தைப் பார்த்தபோது, அவர் மகானின் கூஜாவைப் பார்த்தார். தொழில் புத்தி. இடது கூஜாவின் விளிம்பில், தண்ணீர் வழிந்து காய்ந்த இடத்தில், வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. வலது கூஜாவில் அது இல்லை. அப்புறம் மேசைமேல் சிந்தியிருந்த இடதுகூஜாத் தண்ணீரில் விரலை வைத்து, இரண்டு விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது. இருபது வருடமாகத் தன் விரல்களை வெடிக்க வைத்துக்கொண்டிருக்கும் அந்த வழுவழுப்பு அவருக்குத் தெரியாதா?

மறுநாள் மத்தியானம் வீட்டில், சுண்ணாம்பு ஊறவைத்த வாளியைத் திறந்தார். சுண்ணாம்பு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றது. அதைக் கலக்காமல் ஒரு தம்ளரில் எடுத்தார். ஸ்ட்ராவைப் போட்டு ஊதினார். அரை நிமிடம் ஆகவில்லை. பால்!

தூளைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க. நான் பீடி பிடிச்சேனா? கல்லு அறுத்தேனா? எனக்கும் வெளுக்குது. இது அழுக்கு இல்லைங்க. சுண்ணாம்புத் தண்ணி. யாரு மூச்சு பட்டாலும் வெளுக்கும். எட்டாங்கிளாஸ் பாடம்."

தூள் தம்ளரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் கவலை தெரிந்தது. வெள்ளையக்காவுக்கு நிம்மதி.

"ஐயையோ," என்றார் தூள். "உனக்கும் இவ்வளவு அழுக்கா? நாள் பூரா சுண்ணாம்புத் தூசியில நிக்கிறே இல்ல? அடுத்த தடவை நீயும் வந்து சுத்தம் பண்ணிக்கோ."

நம்புவது என்று முடிவு செய்துவிட்டவர் எந்தச் சாட்சியையும் தன் பக்கமே உட்கார வைத்துக்கொள்வார். சுண்ணாம்பு அடிக்கிறவள் ஊதினால் செல்லாது. வேறு யார் ஊத வேண்டும்? ஒன்று, அழுக்கே இல்லாத மனிதர். இல்லையென்றால் நுரையீரலே இல்லாத ஏதாவது ஒன்று. அன்று சோறு வடிக்கும்போதும் யோசித்தார், பாத்திரம் துலக்கும்போதும் யோசித்தார்.

வாய்ப்பை முதலாளியே கொண்டுவந்து கொடுத்தார். மகானைப் பட்டறைக்கே வரவழைத்துச் சிறப்பு முகாம் நடத்தப் போகிறாராம். மகான் வரும்போது பட்டறைச் சுவர் அழுக்காக இருக்கலாமா? வெள்ளையடிக்க வெள்ளையக்காவுக்கே ஆள் அனுப்பினார். சுவருக்குள்ளே இருப்பவர்களின் மார்பு மூன்று வருடம் காத்திருக்கலாம். சுவர் மூன்று நாள் காத்திருக்க முடியாது.

முகாம் நாளன்று மத்தியானம் மெஷின்கள் நின்றன. கல் பலகைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, பெண்டு பிள்ளைகளோடு எல்லாரும் உட்கார்ந்தார்கள். தரை, பலகை, விளக்கு, மின்விசிறி எல்லாவற்றின் மேலும் மாவு சலித்ததுபோல் கல் தூசி. மகான் மேடையேறும் முன் கைக்குட்டையால் மூக்கை நன்றாகப் பொத்திக்கொண்டார். அவர் கழுத்தில் மட்டும் மூன்று கவசம் தொங்கியது. ஆனாலும் கைக்குட்டையைத்தான் நம்பினார்.

முதலாளி பேசினார். "தொழிலாளிங்க ஆரோக்கியம்தான் எனக்கு முக்கியம். இனிமே குழாய், முகமூடின்னு யாரும் கேக்க வேண்டிய அவசியம் இல்ல. மகான் இருக்காரு."

முதல் ஆளாகத் தூள் அழைக்கப்பட்டார். மூன்றாவது அமர்வு. மகான் பெருமையோடு, "இந்தத் தம்பிக்கு இப்ப அழுக்கே இல்ல, நேரா தெளிவைக் காட்டறேன்," என்று வலது கூஜாவைத் தூக்கினார்.

சுவரோரம் வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக நின்ற வெள்ளையக்கா கேட்டார். "ஐயா, ரெண்டு கூஜாவுலயும் ஒரே தண்ணிதானே?"

"ஒரே மலை, ஒரே ஊற்று, ஒரே தண்ணி."

"அப்ப இடது பக்கத்துக் கூஜாவுல இருந்து ஊத்துங்க. என்ன வித்தியாசம் வந்துடப் போவுது?"

மகானின் கை ஒரு கணம் நின்றது. ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடது கூஜாவிலிருந்து ஊற்றினார். தூள் ஊதினார். வெளுத்தது.

கூடத்தில் முணுமுணுப்பு. தூளின் முகம் தொங்கிப்போயிற்று. மகானுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

"நம்பிக்கை குறைஞ்ச வீட்டுல அழுக்கு திரும்பி வரும்," என்றார், வெள்ளையக்காவைப் பார்த்தபடி. "உன் வீட்டுல யாரோ சந்தேகப்படறாங்க, தம்பி."

எல்லாத் தலையும் வெள்ளையக்கா பக்கம் திரும்பியது. தூளும் முறைத்தார். புருஷனுடைய நுரையீரலைப் பெண்டாட்டியின் சந்தேகம் கெடுத்துவிட்டது! பட்டறைத் தூசிக்கு இப்படி ஒரு விடுதலை கிடைக்கும் என்று தூசியே எதிர்பார்த்திருக்காது.

வெள்ளையக்கா அசரவில்லை. "சரிங்கய்யா, தப்பு என்மேலேயே இருக்கட்டும். நாங்க எல்லாரும் அழுக்கு. உங்க நுரையீரல் சுத்தம்தானே?"

"பனிமலைக் காத்தைத் தவிர இதுல வேற எதுவும் பட்டதில்ல."

"அப்ப நீங்க ஒரு தடவை ஊதிக் காட்டுங்க. அதே கூஜாவுல. சுத்தமான மூச்சு எப்படி இருக்கும்னு நாங்க பாக்கறோம்."

"ஆமா சாமி, ஊதுங்க!" என்று பின்வரிசையில் பாலிஷ் போடுகிறவர் பக்தியோடு கத்தினார். "மகான் ஊதட்டும்!" என்று கூடமே எழுந்துகொண்டது. பக்தர்களின் ஆசையைப்போல் ஆபத்தானது மகான்களுக்கு வேறில்லை.

மகான் ஊதினார். ஊதினார் என்பது அதிகம். ஆறிப்போன தேநீரை ஊதுவதுபோல் உதட்டு நுனியில் லேசாக விட்டார். குமிழி ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி வந்தது. ஆனால் தண்ணீருக்கு அந்தத் தயவு தாட்சண்யமெல்லாம் தெரியாது. வெளுத்துவிட்டது.

பின்வரிசை ஆட்கள் நாற்காலிமேல் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

மகான் கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் நீர். "இத்தனை நாளா உங்க அழுக்கை எல்லாம் யாரு வாங்கினது? நான்தான் வாங்கினேன். என் நெஞ்சுல தாங்கினேன்."

நம்புவீர்களா? பாதிக் கூட்டம் உருகிவிட்டது. பாலிஷ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். முதலாளி முதல் ஆளாகக் கைத்தட்டினார். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் தியாகி மகான் என்று இரண்டாவது பலகை எழுதியிருப்பார்கள்.

வெள்ளையக்கா நேராக மேசைக்கு வந்தார். மகானுக்குக் குடிக்க வைத்திருந்த சோடா பாட்டில்களில் ஒன்றை எடுத்துத் திறந்தார். 'புஸ்' என்றது. இடது கூஜாவிலிருந்து ஒரு தம்ளர் ஊற்றி, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். தெளிந்த தண்ணீர். அதில் கொஞ்சமாகச் சோடாவைச் சாய்த்தார்.

வெளுத்தது.

"இந்தப் பாட்டிலுக்கு எத்தனை வருஷமா பீடிப் பழக்கம், சாமி?" என்று கேட்டார் வெள்ளையக்கா. "இல்ல, இதுவும் எங்க அழுக்கை வாங்கி நெஞ்சுல தாங்கிக்கிச்சா?"

முதலில் பாலிஷ்காரர்தான் சிரித்தார். கண்ணீரைத் துடைத்த கை கன்னத்திலேயே இருக்க, களுக்கென்று சிரித்துவிட்டார். அப்புறம் கூடம் முழுக்கச் சிரிப்பு. சிரிப்பு இருமலாகி, இருமல் சிரிப்பாகி, ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

வெள்ளையக்கா தன் வாளியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "இது சுவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு. மேல நிக்கிற தெளிவைத்தான் இவரு இடது கூஜாவுல கொண்டு வராரு. வலதுல இருக்கிறது வெறும் தண்ணி. நாம வெளிய விடற மூச்சுல கரியமில வாயு இருக்கு. சோடாவுலயும் அதேதான் அடைச்சிருக்காங்க. அது பட்டா சுண்ணாம்புத் தண்ணி வெளுக்கும். பச்சைப் புள்ள ஊதினாலும் வெளுக்கும். நோய் இருக்கா இல்லையான்னு இதுக்குத் தெரியாது. என்னை நம்பாதீங்க. வாங்க, நீங்களே ஊதிப் பாருங்க."

வரிசை கட்டி நின்றார்கள். ஆளாளுக்கு ஊதினார்கள். எல்லாருக்கும் வெளுத்தது. பட்டறையில் இப்படிச் சந்தோஷமாக ஒரு நாள் போனதே இல்லை. வலது கூஜாத் தண்ணீரை ஒருவர் மடக்கென்று குடித்துவிட்டு, "வீட்டுக் குழாய்த் தண்ணியேதான், பனிமலையும் இல்ல ஒண்ணும் இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். இந்த அமளியில் மகான் பின்வாசலை நோக்கி நகர்ந்தார். நடக்கவில்லை, ஓடினார். நல்ல வேகம். அவருடைய நுரையீரல் மட்டும் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வாசலில் போக்குவரத்துக் காவலர் நின்றிருந்தார். முகாமில் வில்லை வாங்கியவர். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டிருந்தது. வண்டிகளை நிறுத்துவதுபோலவே கையை நீட்டி மகானையும் நிறுத்தினார்.

சிரிக்காதவர் ஒருவர்தான். தூள் ஒரு கல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வில்லையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையக்கா பக்கத்தில் போனார்.

"அப்ப..." என்றார் தூள். "உள்ள போனது எல்லாம் இன்னும் உள்ளேயேதான் இருக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கூடத்தில் அன்றைக்குச் சொல்லப்பட்ட பொய்களில் அது ஒன்றுதான் அன்பான பொய்யாக இருந்திருக்கும். வெள்ளையக்கா சொல்லவில்லை.

"ஆமாங்க. உள்ளதான் இருக்கு. நாளைக்கு டாக்டரைப் பாக்கலாம்."

தூள் தலையாட்டினார். அப்புறம் எழுந்து முதலாளியிடம் போனார். அவரோடு மற்றவர்களும் போனார்கள்.

"ஐயா, குழாய் எப்பங்க?"

"ஆகட்டும், பாக்கலாம்ப்பா, இப்ப எல்லாரும் வேலையைப்..."

"நாங்க இங்கேயே இருக்கோம். நீங்க பாருங்க."

மெஷின் சுவிட்சை யாரும் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. மூன்று வருடம் வராத குழாய் நாலாவது நாள் வந்தது. அறுக்கும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. தூசி சேறாகி வாய்க்காலில் ஓடியது. முகத்தோடு ஒட்டி உட்காரும் வடிகட்டி முகமூடிகள் வந்தன. தூசியை உறிஞ்சும் காற்றாடி வந்தது. முகமூடி சரியாகப் படிய வேண்டும் என்பதற்காகப் பாலிஷ்காரர் பத்து வருடத் தாடியை எடுத்தார். வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

மார்பு நோய் டாக்டர் சின்னப் பெண். தூளை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். தூள் தண்ணீரைத் தேடினார். "தண்ணி எல்லாம் இல்லைங்க. எவ்வளவு காத்து, எவ்வளவு வேகமா வருதுன்னு மெஷின் அளக்கும்," என்றார் டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். வாயிலிருந்து ஒரு 'ஹூம்' கூட வரவில்லை.

"கல் தூசி உள்ள தழும்பு போட்டிருக்கு. அதை எடுக்க மருந்து கிடையாது. கழுவவும் முடியாது. ஆனா சீக்கிரம் வந்துட்டீங்க. இனிமே தூசி உள்ள போகாம பாத்துக்கணும். பீடியை இன்னைக்கே விடணும். ரெண்டும் நடந்தா, இருக்கிற மூச்சைக் காப்பாத்தலாம். வருஷம் ஒரு தடவை வந்து அளந்துட்டுப் போங்க."

"ஒரே அமர்வுல எதுவும் முடியாதுங்களா?" என்று தூள் பாவமாகக் கேட்டார்.

"நான் டாக்டர்ங்க. அதிசயம் எல்லாம் என்கிட்ட இல்ல."

பீடியை விடுவது மகானை விடுவதைப்போல் சுலபமாக இல்லை. தூள் இரண்டு முறை விட்டு இரண்டு முறை பிடித்தார். டாக்டரிடமே போய் ஒத்துக்கொண்டார். அவர் திட்டவில்லை, பழக்கத்தை விட உதவும் மருந்து கொடுத்தார். மூன்றாவது முறை நின்றது. பட்டறைத் துணியைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரத் தொடங்கினார். வெள்ளையக்காவும் சுண்ணாம்பு கரைக்கும்போது முகமூடி போட்டுக்கொண்டார். "எனக்கு மட்டும்தான் அறிவுரையா?" என்று புருஷன் கேட்டதில் நியாயம் இருந்தது.

மகான்? கொஞ்ச நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் நாலு ஊர் தள்ளிக் கல்லீரல் மகானாகிவிட்டார் என்று கேள்வி. கூட்டம் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நிற்கிறதாம். உடம்பில் உறுப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவருக்குப் பிழைப்புக்கும் பஞ்சமில்லை.

நுரையீரலைச் சலவை செய்ய இதுவரை யாராலும் முடியவில்லை. மூளையைச் சலவை செய்ய மட்டும் தெருவுக்கு ஒருவர் கடை திறந்து வைத்திருக்கிறார். உங்களுடையது இப்போது யாரிடம் ஊறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.